மைக்காரரின் காது

அவருக்கும் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் முப்பத்தொரு வருஷமாக அந்த அரங்கத்தில் எல்லோருக்கும் அவர் மைக்காரர். வருகைப் பதிவேட்டில்கூட ஒரு புது குமாஸ்தா அப்படியே எழுதி வைத்துவிட்டார். இவரும் மறுபேச்சு பேசாமல் அதற்கு நேராகக் கையெழுத்துப் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போனார். பெயருக்காகச் சண்டை பிடிக்கிற ஆள் இல்லை அவர்.

அரங்கம் ஒன்றும் பெரியதில்லை. இருநூற்றிருபது இருக்கைகள், அதில் நாலைந்து ஆட்டம் காணும். சனிக்கிழமை பகல் மூன்று மணிக்கு அங்கே பாட்டுக் கச்சேரி நடக்கும். மூன்று மணி என்பது யோசித்து வைத்த நேரம். முன்னால் வைத்தால் பகல் தூக்கம் கெடும். பின்னால் வைத்தால் இருட்டுவதற்குள் பஸ் பிடிக்க முடியாது, ஏழு மணி மாத்திரையும் தவறும். வருகிறவர்களில் அறுபத்தைந்துக்குக் கீழே யாராவது இருந்தால் சின்னப் பிள்ளை என்று கேலி பேசுவார்கள். மைக்காரருக்கு அறுபத்துமூன்று. அந்தக் கணக்கில் அவர் தவழ்கிற குழந்தை.

கடைசி வரிசைக்குப் பின்னால், ஒரு படி உயரத்தில் அவருடைய மிக்ஸர் மேஜை. மேடையிலிருந்து வருகிற ஒவ்வொரு மைக்கின் சத்தத்தையும் கூட்டிக் குறைத்து, கூர்மையை ஏற்றி இறக்கி, பெரிய ஸ்பீக்கர்களுக்கு அனுப்புவது அவர் வேலை. மேஜைக்கு நேர் முன்னால், பதினான்காவது வரிசையின் ஓரத்து இருக்கை எட்டு மாதமாகக் காலி. அது அவர் மனைவி உட்கார்ந்த இடம்.

மனைவி ஒரு புதன்கிழமை பகலில் துணி மடித்துக்கொண்டிருந்தபோது சாய்ந்தாள். தலைக்குள் ரத்தக் குழாய் வெடித்துவிட்டது என்று டாக்டர் சொன்னார். வெள்ளிக்கிழமைக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அடுத்த வாரச் சனிக்கிழமை இரண்டு மணிக்கு மைக்காரர் அரங்கத்துக்கு வந்து ஒயர்களைப் பிரித்துக்கொண்டிருந்தார். பார்த்தவர்கள் என்ன மனசு இவருக்கு என்று ஆச்சரியப்பட்டார்கள். நெஞ்சழுத்தக்காரர் என்று ஒருவர் சொல்லவும் செய்தார். உண்மையில் அவருக்கு மனசு என்று ஒன்று இருப்பதே அப்போது தெரியவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னம் இருக்குமே, அப்படி இருந்தது. தட்டினால் தட்டுகிறோம் என்று தெரியும், அவ்வளவுதான். அழ வேண்டும் என்று உட்கார்ந்தும் பார்த்தார். கொட்டாவிதான் வந்தது.

வேறு ஊரிலிருக்கும் மகன் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போனில் கூப்பிடுவான். அப்பா, போதும், வேலையை விட்டுவிட்டு எங்களோடு வந்து இருங்கள் என்பான். இவர் பார்க்கலாம் என்பார். அந்த வீட்டில் போய் என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. இந்த வீட்டிலும்தான் தெரியவில்லை. ஆனால் சனிக்கிழமை மூன்றிலிருந்து ஆறு வரை அந்த மேஜையில் உட்கார்ந்தால் கை தானாக வேலை செய்தது. வாரத்தில் அந்த மூன்று மணி நேரம் மட்டும் அவர் ஒரு மனிதராக இருந்தார். அது போய்விட்டால் பிறகு ஒன்றுமில்லை என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

அதனால்தான் அந்த ரகசியத்தை அவர் அப்படிப் பாதுகாத்தார்.

ரகசியம் இதுதான்: மைக்காரருக்குக் காது கேட்காது. முழுக்க இல்லை. பேச்சு கேட்கும், தபலா கேட்கும், தாழ்ந்த சுரமெல்லாம் கேட்கும். மேலே, கூர்மையான பக்கம் மட்டும் கதவு சாத்திவிட்டது. ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு கச்சேரியில் மைக் விசிலடிக்க ஆரம்பித்தது. அரங்கமே காதைப் பொத்திக்கொண்டது. பாடகர் பாட்டை நிறுத்திவிட்டார். மைக்காரர் மட்டும் ஏன் எல்லோரும் இப்படி முகத்தைச் சுளிக்கிறார்கள் என்று சாவகாசமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு எதேச்சையாக வந்திருந்த மனைவி ஓடி வந்து, எந்தக் குமிழ் என்று தெரியாமல் கைக்குக் கிடைத்ததையெல்லாம் இறக்கினாள். இரண்டு பேரும் பஸ்ஸில் திரும்பினார்கள். மூன்றாவது நிறுத்தத்தில், "எத்தனை நாளா?" என்று மட்டும் கேட்டாள்.

அடுத்த சனிக்கிழமையிலிருந்து அவள் அந்த ஓரத்து இருக்கைக்கு வந்துவிட்டாள். ஏற்பாடு காதும் காதும் வைத்தாற்போல் நடந்தது. கைப்பை அவள் வலது முழங்காலில் இருந்தால் சத்தம் கீச்சென்று இருக்கிறது, குறை. இடது முழங்காலில் இருந்தால் மந்தமாக இருக்கிறது, கூட்டு. மடியின் நடுவில் இருந்தால் சரி, கையை வைக்காதே. மேடையைப் பார்ப்பது போல் அவர் பார்வை அந்தக் கைப்பையில் இருக்கும். ஏழு வருஷத்தில் ஒரு புகார் இல்லை. இந்த அரங்கத்தில்தான் பாட்டு பாட்டாகக் கேட்கிறது என்று வருகிறவர்கள் சொன்னார்கள். பஸ்ஸில் வீடு திரும்பும்போது மனைவி அன்றைய கச்சேரியை விரிவாக அலசுவாள். மூன்றாவது பாட்டில் வயலின் குழைந்தது, அந்தப் பெண்ணின் மேல்ஸ்தாயி கண்ணாடி மாதிரி இருந்தது, சலங்கைச் சத்தம் கொஞ்சம் தூக்கலாக இருந்திருக்கலாம் என்பாள். அவர் கேட்காத பாதிக் கச்சேரியை அவள் வாயால்தான் கேட்டுக்கொண்டார்.

அவள் போன பிறகு பழைய இடங்களைப் பென்சிலால் கோடு போட்டு வைத்துக்கொண்டு அதே கோட்டில் குமிழ்களை நிறுத்தினார். கண்ணை மூடிக்கொண்டு வண்டி ஓட்டுகிற வேலைதான். எப்படியோ ஓடியது.

இந்த நிலையில்தான் ஹெட்போன் வந்தது.

அரங்கத்தின் செயலாளர் ஒரு காலத்தில் பள்ளிக்கூடத் தலைமையாசிரியை. எழுபத்தாறு வயதாகியும் யாரைப் பார்த்தாலும் நேராக நில் என்று சொல்லப் போகிறவர் போலவே பார்ப்பார். எல்லோரும் ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா என்றே அழைத்தார்கள். அவர் மைக்காரரைக் கூப்பிட்டு நிலவரத்தைச் சொன்னார். கூட்டம் இருநூறிலிருந்து நூற்று நாற்பதுக்கு வந்துவிட்டது. வராமல் போனவர்களில் பாதிப் பேர் பாட்டு பிடிக்காமல் நிற்கவில்லை, காது சரியாகக் கேட்காததால் நின்றுவிட்டார்கள். காதில் மாட்டும் மெஷின் ஸ்பீக்கர் சத்தத்தைக் கரகரவென்று ஆக்கிவிடுகிறது. வாத்தியக்காரர்களும் மாறிவிட்டார்கள். முன்பு மேடையில் பதினொரு பேர் உட்காருவார்கள். இப்போது வருவது நாலு இளசுகள். மீதி ஏழு பேரும் ஒரு லேப்டாப்புக்குள் இருக்கிறார்கள். அந்த நாலு பேரும் காதுக்குள் எதையோ செருகிக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்க்காமலே தாளம் தப்பாமல் வாசிக்கிறார்கள். ஆகவே இனிமேல் வருகிறவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு ஹெட்போன். ஒவ்வொருவர் காதையும் சோதித்து ஒரு சார்ட் எடுப்பார்கள். யாருக்கு எந்தப் பக்கம் கேட்கவில்லையோ அந்தப் பக்கத்தை மட்டும் அவருடைய ஹெட்போன் கூட்டித் தரும். ஸ்பீக்கர்களை அணைத்துவிடலாம்.

மைக்காரர் நல்லது என்றார். நல்லதுதான், அதில் அவருக்குச் சந்தேகமில்லை.

அதற்குப் பிறகு வந்ததுதான் சிக்கல். மேஜையில் உட்காருகிறவர் தன் காதால் கேட்டுச் சரிசெய்து அனுப்புகிற சத்தம்தான் எல்லோருக்கும் அடிப்படை. அதற்கு மேல்தான் ஒவ்வொருவருக்கும் கூட்டல் கழித்தல். அடிப்படையே கோணலாக இருந்தால் நூற்று நாற்பது பேருக்கும் கோணல். எனவே மேஜைக்காரரின் காது சுத்தமாக இருக்க வேண்டும், அதற்கும் ஒரு சார்ட் வேண்டும் என்று கம்பெனி கேட்டிருக்கிறது. வியாழக்கிழமைக்குள் கொடுத்துவிடுங்கள் என்றார் ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா. உங்களுக்கென்ன, வெறும் சம்பிரதாயம்தான் என்றும் சேர்த்துக்கொண்டார்.

மைக்காரர் வீட்டுக்குப் போய் போனில் அந்தச் சோதனையைத் தனியாக எடுத்துப் பார்த்தார். பீப் சத்தம் கேட்கும்போதெல்லாம் திரையைத் தொட வேண்டும். முதலில் மளமளவென்று தொட்டார். பிறகு நின்றுவிட்டது. முடிந்துவிட்டது போலிருக்கிறது என்று அவர் போனை வைக்கப் போன நேரத்தில், இல்லை, நீங்கள்தான் தொடவில்லை என்று திரையில் எழுத்து வந்தது. சார்ட்டைப் பார்த்தார். இடது பக்கம், தாழ்ந்த சத்தங்களில் சமதரையாக ஓடிய கோடு, நடுவில் மாடிப்படியில் கால் தவறியது போல் விழுந்து கிடந்தது. அதை அழித்தார். கவலைப்பட வேண்டும் என்று தோன்றியது. கவலைகூட அரைகுறையாகத்தான் வந்தது.

புதன்கிழமை பல் தேய்க்கும்போது அந்த யோசனை வந்தது. போன வருஷம் கம்பெனிக்காரர்கள் வெள்ளோட்டம் பார்க்க வந்தபோது, முன்கூடத்தில் மேஜை போட்டு வருகிறவர்கள் காதையெல்லாம் சோதித்தார்கள். மனைவியும் உட்கார்ந்து கொடுத்தாள். எல்லா சார்ட்டையும் இருக்கை எண்ணோடு பதிந்து வைத்திருந்தார்கள். பதினான்காவது வரிசை ஓரத்து இருக்கையின் சார்ட் இன்னும் உள்ளே இருக்கும். அவள் காது குண்டூசி விழுந்தால் கேட்கிற காது. அது மேஜைக்காரருக்கென்று ஒதுக்கிய இருக்கை, அந்த எண்ணில் பதிந்தது தன் சார்ட்தான் என்று சொல்லிவிட்டால் யார் துருவப் போகிறார்கள்? செத்துப்போன மனைவியின் காதைத் தன் காதென்று காட்டுவது பற்றி அவருக்குக் கூச்சமாக இருக்கவில்லை. ஏழு வருஷமும் அதைத்தானே செய்தார்.

வியாழக்கிழமை அரங்கத்தில் கம்பெனிப் பெண் இருந்தாள். முப்பது வயதிருக்கும். கெட்டிக்காரி, வேகமாகப் பேசுகிறவள். ஆனால் இங்கே வந்த ஒரு வாரத்தில் மெதுவாகவும் வாயைத் திறந்தும் பேசப் பழகிவிட்டாள். மைக்காரர் ஒத்திகை பார்த்து வைத்திருந்த பொய்யைச் சொன்னார். அவள் டேப்லெட்டில் இருக்கையைத் தொட்டு சார்ட்டைத் திறந்தாள். பார்த்தாள். அவரை ஒரு தடவை பார்த்தாள். மறுபடியும் சார்ட்டைப் பார்த்தாள்.

"சார், இது உங்களுதுதானா? நல்லாத் தெரியுமா?"

"ஏம்மா?"

"இல்ல, இந்தக் காதை வச்சுக்கிட்டு மேஜையில உட்கார முடியாது சார். இவங்களுக்குப் பேச்சே பாதிதான் கேட்டிருக்கும். பாட்டுல மேல உள்ளது எதுவுமே கேட்டிருக்காது."

அவள் டேப்லெட்டைத் திருப்பிக் காட்டினாள். கோடு ஆரம்பத்திலேயே விழுந்து அடியோடு அடியாக ஓடியது. வீட்டில் தன் போனில் பார்த்த கோட்டை அவர் நினைத்துப் பார்த்தார். அதுவே இதற்குத் தேவலை.

அவர் என்ன சொன்னார் என்று அவருக்கே பிறகு ஞாபகமில்லை. யாரோ எண்ணை மாற்றிப் பதிந்துவிட்டார்கள் என்கிற மாதிரி ஏதோ முணுமுணுத்திருக்க வேண்டும். அந்தப் பெண் அதற்கு மேல் கேட்கவில்லை. சனிக்கிழமை முதல் ஹெட்போன் கச்சேரி, முதல் பாதியை நானே பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள், இடைவேளையில் இங்கேயே புதுசாக ஒரு சோதனை எடுத்துவிடலாம், பத்து நிமிஷ வேலை என்றாள்.

அன்றைக்கு அவர் பஸ்ஸில் போகாமல் நடந்தே வீட்டுக்குப் போனார். வழியெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் வீட்டு அழைப்புமணியை மாற்றினார்கள், பழையது சரியாக அடிக்கவில்லை என்று. புதுசும் சரியில்லை என்று இரண்டு பேரும் சேர்ந்து கடைக்காரனோடு சண்டை போட்டார்கள். கடைக்காரன் வீட்டுக்கே வந்து மணியை அழுத்தி அழுத்திக் காட்டினான். இரண்டு பேரும் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பக்கத்து வீட்டுக்காரர் டிவி சத்தத்தைக் குறைக்கச் சொல்லி வந்தபோது, அவருக்குப் பொறாமை என்று சேர்ந்தே திட்டினார்கள். ஆக, ஒரு செவிட்டு மைக்காரர் ஒரு செவிட்டு மனைவியின் கைப்பையைப் பார்த்து அரை அரங்கம் செவிடர்களுக்குச் சத்தம் வைத்திருக்கிறார். ஊரே பாராட்டியிருக்கிறது. வேறு யாருக்காவது நடந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார். இப்போது சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. ஒரு கேள்விதான் தொக்கி நின்றது. கேட்காமல் அவள் அந்தக் கைப்பையை எப்படி நகர்த்தினாள்?

பதில் சனிக்கிழமை இரண்டரை மணிக்கு முன்கூடத்தில் கிடைத்தது. அவள் பக்கத்து இருக்கையில் எப்போதும் உட்காருகிறவர் ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர். எண்பத்தொரு வயது, காகிதக் கோப்பையில் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். பாட்டு நடக்கும்போது மனைவி அடிக்கடி அவர் பக்கம் சாய்ந்து ஏதோ கிசுகிசுப்பதை மைக்காரர் மேஜையிலிருந்து எத்தனையோ தடவை பார்த்திருக்கிறார். வம்பளக்கிறாள் என்று உள்ளுக்குள் கடுகடுத்தும் இருக்கிறார். இன்றைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, என்ன பேசிக்கொள்வீர்கள் என்று நேராகவே கேட்டார்.

போஸ்ட்மாஸ்டருக்கு அது ரகசியம் என்றே தெரியவில்லை.

"சத்தம் எப்படி இருக்குன்னு கேப்பாங்க தம்பி. வேற என்ன? கீச்சுங்குதா, மந்தமா இருக்கான்னு. நான் சொல்லுவேன். நீங்கதான் கேக்கச் சொல்றீங்கன்னு நெனச்சேன்."

"உங்களுக்கு நல்லாக் கேக்குமா சார்?"

"எனக்கா? இடது காது சுத்தமாப் போச்சு. வலது பரவாயில்ல. நான் முன்னால இருக்கிற பல் டாக்டரம்மாவைத் தட்டிக் கேட்டுட்டுச் சொல்லுவேன்."

பல் டாக்டரம்மா யாரைக் கேட்பார் என்று போஸ்ட்மாஸ்டருக்குத் தெரியவில்லை. அவருக்கு முன்னால் இருந்தவரைக் கேட்டிருக்கலாம் என்றார். சில நாள் இடைவேளையில் இரண்டு மூன்று பேரைச் சுற்றி உட்காரவைத்து உங்கள் மனைவி விவரமாக விசாரிப்பார், வயலின் எப்படி, அந்தப் பெண்ணின் குரல் எப்படி என்று, நாங்கள் சொல்லச் சொல்லப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை மாதிரி வாய்க்குள்ளேயே ஒப்பித்துக்கொள்வார் என்றார். பிறகு டீயைக் குடித்துவிட்டு, நல்ல மனுஷி என்று சொல்லி எழுந்து போனார்.

பஸ்ஸில் அவள் சொன்ன வயலினும் மேல்ஸ்தாயியும் யார் யாரோ கேட்டவை. கேட்காத ஒருத்தி, கேட்காத ஒருவருக்காக, அதை மனப்பாடம் செய்து வீடு வரை கொண்டுவந்திருக்கிறாள். தன் காது போன விஷயத்தை மட்டும் அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இவர் அன்றைக்கே மேஜையை விட்டிருப்பார். அதனால்தான் சொல்லவில்லை என்பது அவருக்குப் புரிந்தது. புரிந்ததே தவிர, உள்ளே எதுவும் அசையவில்லை. இதற்குக்கூட அசையாவிட்டால் இனி எதற்குத்தான் அசையும் என்று மனம் வெறுத்துப்போய் உள்ளே போனார்.

கச்சேரி மூன்று மணிக்கு ஆரம்பித்தது. நூற்று நாற்பது பேரும் கறுப்பு ஹெட்போனை மாட்டிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஸ்பீக்கர்கள் அணைந்திருந்ததால் அரங்கத்தில் பாட்டே இல்லை. தூரத்து மேடையில் பாடகியின் சொந்தக் குரல் பக்கத்து வீட்டில் யாரோ முணுமுணுப்பது போல் லேசாக வந்தது. டிரம் அடிக்கிறவன் ரப்பர் தட்டில் தட்டுகிற டொக் டொக் சத்தம் வந்தது. அவ்வளவுதான். ஆனால் முகங்களைப் பார்க்க வேண்டுமே. மூன்றாவது வரிசையில் ஒரு பெரியவர் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். பல் டாக்டரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். இத்தனை வருஷமாகப் பாதிப் பாட்டைக் கேட்டவர்களுக்கு மீதிப் பாட்டு கிடைத்துவிட்டது. யாரும் யாரையும் தட்டி எதுவும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையே இல்லை. போஸ்ட்மாஸ்டர் ஒரு தடவை பழக்கதோஷத்தில் முன்னால் கையை நீட்டினார். பிறகு ஞாபகம் வந்து கையை எடுத்துக்கொண்டார்.

கம்பெனிப் பெண் நன்றாகத்தான் செய்தாள். பழி சொல்ல ஒன்றுமில்லை.

இடைவேளையில் யாரும் எழுந்து வெளியே போகவில்லை. ஹெட்போனில் மெல்லிய இசை ஓடவிட்டிருந்தாள், அதைக் கேட்டுக்கொண்டு இருந்த இடத்திலேயே இருந்தார்கள். அவள் தன் ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு, சோதனைக்காக டேப்லெட்டில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள்.

மைக்காரரின் கை அந்த நேரத்தில் ஒரு காரியம் செய்தது. மேஜையில் அறிவிப்புக்கென்று ஒரு மைக் உண்டு. முப்பத்தொரு வருஷமாக ஒவ்வோர் இடைவேளையிலும் அவர் அதன் குமிழை மெதுவாக மேலே தள்ளிப் பார்ப்பார். ஸ்பீக்கரிலிருந்து உம்மென்று தாழ்ந்த மூச்சு வரும். அந்த மூச்சு வந்தால் லைன் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம், உடனே இறக்கிவிடுவார். இன்றைக்கும் யோசிக்காமலே தள்ளினார். மூச்சு வரவில்லை. இன்னும் கொஞ்சம் தள்ளினார். வரவில்லை. அணைத்து வைத்த ஸ்பீக்கரிலிருந்து எப்படி வரும்? கை அதை யோசிக்கவில்லை. குமிழை உச்சி வரைக்கும் தள்ளி அங்கேயே விட்டுவிட்டது.

"ரெடி சார். பீப் கேட்டாத் தொடுங்க," என்று அந்தப் பெண் ஹெட்போனை நீட்டினாள்.

அவர் அதை வாங்கவில்லை.

"வேணாம்மா. டெஸ்ட் எல்லாம் வேணாம். எனக்குக் கேக்கல." இதுவரை இந்த வார்த்தையை அவர் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லிவிட்ட பிறகு அது சின்ன விஷயமாக இருந்தது. "ஏழு வருஷமா மேல உள்ளது எதுவும் கேக்கல. யாருக்கும் சொல்லல. சொன்னா இந்த மேஜை போயிடும். வேற எங்க போறதுன்னு எனக்குத் தெரியாது. நீயே பாத்துக்க. நல்லாத்தான் பண்றே."

அந்தப் பெண் அவரைப் பார்க்கவில்லை, அவர் தோளுக்கு மேலாக அரங்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மைக்காரர் திரும்பினார்.

முன்வரிசையில் ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா திரும்பி அவரைப் பார்த்தபடி இருந்தார். மூன்றாவது வரிசைப் பெரியவர் திரும்பியிருந்தார். பல் டாக்டரம்மா, போஸ்ட்மாஸ்டர், வரிசை வரிசையாக எல்லாத் தலையும் திரும்பியிருந்தது. மைக்காரர் மேஜையைப் பார்த்தார். உச்சியில் நின்ற குமிழைப் பார்த்தார். சொன்னதெல்லாம் எல்லோர் ஹெட்போனுக்கும் போயிருக்கிறது.

பெண் பதறிப்போய்க் குமிழை இறக்கக் கையை நீட்டினாள். முன்வரிசையிலிருந்து ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா கையை உயர்த்தி வேண்டாம் என்று காட்டினார்.

யாரும் ஹெட்போனைக் கழற்றவில்லை. அவர்கள் முகத்தில் கோபமோ கேலியோ இருக்கிறதா என்று தேடினார். இல்லை. போஸ்ட்மாஸ்டர் இரண்டு கையாலும் ஹெட்போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டார், இன்னும் நன்றாகக் கேட்க வேண்டும் என்று. அவருக்குப் பக்கத்தில் அந்த ஓரத்து இருக்கை காலியாக இருந்தது. எல்லோரும் மீதியைக் கேட்கக் காத்திருந்தார்கள்.

மைக்காரர் மைக்குக்குக் கிட்டே குனிந்தார்.

"என் வீட்டுக்காரிக்கும் கேக்கலங்க," என்றார். "எனக்கே முந்தாநாள்தான் தெரியும். உங்களைக் கேட்டுக் கேட்டுத்தான் எனக்குச் சொல்லியிருக்கா."

அதற்கு மேல் சொல்ல நிறைய இருந்தது. வாயைத் திறந்தார், சொல் வரவில்லை. எட்டு மாதமாக வராத அழுகைதான் வந்தது. கையால் வாயைப் பொத்திப் பார்த்தார், நிற்கவில்லை. மைக் அதை அப்படியே வாங்கி, நூற்று நாற்பது பேருக்கும் அவரவர் காதுக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு சத்தத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தது.